ஐந்து மில்லிமீட்டர் குண்டு

என் மேசை இழுப்பறையில், பழைய மாத்திரை டப்பாவுக்குள் ஒரு எஃகுக் குண்டு கிடக்கிறது. மிளகளவுதான்; ஐந்து மில்லிமீட்டர். செம்பூரில் பல் டாக்டரம்மாவிடம் உதவியாளராகச் சேர்ந்த முதல் மாதம், அவர் சொல்லி தாராவிப் பட்டறை ஒன்றில் நானே வாங்கி வந்தது. தாடை எக்ஸ்ரே எடுக்குமுன் பல் விழுந்த இடத்தில் அதை மெழுகில் பதித்து வைப்பார். எதற்கென்று நான் கேட்கவில்லை. ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம்.

அந்த மாதமே அத்தான், என் அக்காவின் கணவர், விழுந்துபோன கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பதில் செயற்கைப் பல் பொருத்த, தாடை எலும்பில் ஸ்குரூ வைத்துக்கொள்ள வந்தார். தாராவி கல்யாண பேண்டில் டிரம்பெட் ஊதுகிறவர். அவருடைய உதட்டை நம்பித்தான் அந்தக் குடும்பம். தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பை ஸ்குரூ தொட்டால் உதடு மரத்துப்போகும் என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். எக்ஸ்ரே எடுத்ததும், எலும்பின் மேல்விளிம்பிலிருந்து நரம்புவரை திரையில் அளக்கச் சொன்னார். பதின்மூன்று மில்லிமீட்டர். பாதுகாப்புக்கு இரண்டைக் கழித்து, 'பதினொரு மில்லிமீட்டர் ஸ்குரூ' என்று சீட்டில் பெருமையாக எழுதி வைத்தேன்.

பிறகு விளையாட்டாக, அதே படத்தில் தெரிந்த குண்டையும் அளந்து பார்த்தேன். ஆறரை காட்டியது. எனக்குச் சுரீரென்றது. பட்டறைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று மதிய இடைவேளையில் பஸ் பிடித்துத் தாராவிக்கே போய்ச் சண்டைக்கு நின்றேன். அவர் கோபப்படவில்லை. குண்டை வெர்னியர் அளவுகோலில் பிடித்து என்னையே படிக்கச் சொன்னார்.

"அஞ்சுதான் இருக்கு, பாத்தியளா? எந்த மிஷின்ல அளந்தியளோ அதப் போய்ப் பாருங்க."

திரும்பி வந்து டாக்டரம்மாவிடம் அசடு வழியச் சொன்னேன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த அவர் சிரித்துவிட்டார்.

"குண்டு அஞ்சுதாம்மா. படம்தான் பெரிசாக் காட்டறது. எவ்வளவு பெரிசுன்னு தெரியத்தான் அதை வெக்கறேன்."

காகிதத்தில் கணக்குப் போட்டார். ஐந்து ஆறரையாகத் தெரிந்தால், பதின்மூன்று உண்மையில் பத்து. என் பதினொன்று நரம்புக்குள் போயிருக்கும். அவர் எப்படியும் சரிபார்த்திருப்பார்தான். ஆனாலும் அந்தச் சீட்டை அப்படியே விட மனம் வரவில்லை. கிழித்துவிட்டு, பத்தில் இரண்டைக் கழித்து எட்டு என்று எழுதினேன்.

இப்போது முப்பரிமாணப் படம் எடுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அது வந்த அன்று நான் முதலில் படம் எடுத்தது இந்தக் குண்டைத்தான். ஐந்து என்று காட்டிய பிறகே எனக்கு நம்பிக்கை வந்தது.

போன வாரம் சயானில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் அத்தானைப் பார்த்தேன். என்னைக் கண்டதும், ஊதுவதை நிறுத்தாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினார். அந்தப் பதினொன்றைப் பற்றி அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை. அது எனக்கும் டாக்டரம்மாவுக்கும் இந்தக் குண்டுக்கும் மட்டும்தான் தெரியும்.