இரண்டு பக்கமும் சீவிய வரப்பு

அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் முதலில் வருகிறது. பாசமெல்லாம் அதற்குப் பின்னால்தான். பண்ணையில் கூலிக்கு நின்றவர், உழுகிறவனுக்குத்தான் நிலம் என்று கொடி பிடித்து ஊர்வலம் போனவர், போலீஸ் அடியும் வாங்கியவர். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தில் எங்களுக்கும் ஒரு துண்டு வந்தது. வந்ததும் மனுஷருக்கு மண் பைத்தியம் பிடித்துவிட்டது.

அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "இனிமே அந்தப் பண்ணைக் களத்துல கால் வைக்க மாட்டேன். என் சோறு என் வயல்லேருந்துதான்."

பக்கத்து வயல் மாமாவுக்குக் கிடைத்தது. சொந்த மாமா இல்லை. அப்பாவோடு ஒரே லாக்கப்பில் கிடந்தவர். மச்சான், மச்சான் என்று இருவரும் ஒரு பீடியைப் பாதிப் பாதியாகக் குடிப்பார்கள். அவர் வயல் மேடு, எங்களுடையது பள்ளம். நடுவில் ஒரே வரப்பு.

நடவுக்கு முன்னால் அண்டை வெட்டுவார்கள். வரப்போரத்துப் புல்லையும் எலி வளையையும் மண்வெட்டியால் சீவிவிட்டு, வயல் சேற்றை எடுத்து அந்த இடத்தில் அணைத்துப் பூச வேண்டும். அப்பா சீவுவதோடு நிறுத்திக்கொள்வார். சீவிய இடம் வயலோடு சேர்ந்துவிடும். அங்கே ஒரு வரிசை நாற்று கூடுதலாக நிற்கும்.

"அந்த ஒரு வரிசையில கோட்டையா கட்டப் போறீங்க?" என்பாள் அம்மா.

"சும்மா கெடக்கிற மண்ணுதானே" என்பார் கொடி பிடித்த மகராசன்.

இதில் கொடுமை என்னவென்றால், மாமாவும் அவர் பக்கத்தில் அதையேதான் செய்துகொண்டிருந்தார். இவர் சாப்பிடப் போன நேரத்தில் அவர். அவர் போன நேரத்தில் இவர். கரையேறியதும் இரண்டு திருடர்களுக்கும் ஒரே பீடி. சில வருஷங்களில் அந்த வரப்பில் நடக்க நான் கையை விரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மேட்டு வயலில் தேங்கிய தண்ணீருக்கு அந்த வரப்பு எம்மாத்திரம்? உடைத்துக்கொண்டு, மாமா எருப் போட்ட மண்ணையும் பயிரையும் வாரி வந்து எங்கள் வயலில் கொட்டியது. வடிகாலும் நிரம்பிக் கிடந்ததால் எங்கள் பயிர் முழுகி அழுகிப்போனது.

உடைப்பை அடைக்க வைக்கோலும் சேறுமாக நின்றபடி, "நீதான்யா சீவினே", "நீ சீவலையா?" என்று இருவருக்கும் சண்டை. மற்றவரும் சீவியிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் இருவருக்கும் தெரிந்ததாம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தை மாதம் அம்மா அதே பண்ணைக்கு அறுப்புக்குப் போனாள். கூலி நெல்லைக் கூடையில் சுமந்து வந்து அப்பாவின் முன்னால் இறக்கினாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அப்பா அன்று சாப்பிடவில்லை. எனக்கு அவர் மேல் இரக்கமும் வரவில்லை.

கோடையில் அவர் மண்வெட்டியோடு இறங்கினார். தன் வயலிலிருந்தே மண்ணை வெட்டி வரப்பில் போட்டார். அதைப் பார்த்துவிட்டு மாமாவும் தன் வயலிலிருந்து வெட்டிப் போட்டார்.

"என் பக்கத்து மண்ணையே எடுத்துப் போடுறேன் மச்சான், நீ வுடு."

"அதெல்லாம் முடியாது. என் பக்கம்தான்."

திருந்துவதிலும் போட்டி! வரப்பு மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு வந்துவிட்டது.

"அப்ப வரப்பைத் தின்னீங்க, இப்ப வயலைத் தின்னுறீங்க. அளவுன்னு ஒண்ணு தெரியவே தெரியாதா உங்களுக்கு?" என்று அம்மா கத்தினாள். உடைப்புக்குப் பிறகு அவள் குரல் அப்படி உயர்ந்தது அன்றைக்குத்தான். அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

அடுத்த அறுப்பில் கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா அந்த வரப்பில் வந்தாள். முன்பு உடைந்த இடத்தில், அவள் தடுமாறி விழுந்துவிடுவாளோ என்று அப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவு அகல வரப்பில்!

"தள்ளுங்க, வழிய வுடுங்க" என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டி எங்கள் களத்துக்கு நடந்தாள்.