மாப்பிள்ளையின் பெயர்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள் தெக்லாவின் அண்ணன் சாக்கில் சுற்றி ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தான். தண்ணீர்க் குழாயை அறுத்து எவனோ வீட்டிலேயே செய்தது. தங்கை விதவை, மலைநகரமான கொரோகாவின் சந்தையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்கிறாள், வீட்டில் இருப்பது அவளும் மகளும்தான், இதையாவது பாயின் அடியில் வைத்துக்கொள்ளட்டும் என்று அவனுக்கு நல்ல எண்ணம்தான். தெக்லா சாக்கைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"எடுத்துட்டுப் போயிடுண்ணா. நான் ஒருத்தனைச் சுட்டா அதோட முடிஞ்சுடுமா? அவன் கூட்டம் நம்ம மேல வரும், நம்ம கூட்டம் அவன் மேல போகும். நீ சாவ, உன் பையன் சாவான். பத்து வருஷத்துக்கு நஷ்டஈடாப் பன்னி குடுத்தே ஓஞ்சு போவோம்."

"அப்ப திருடன் வந்தா என்ன பண்ணுவ? கிழங்கால அடிப்பியா?"

"என்கிட்ட வரணும்னு அவனுக்குத் தோணாத மாதிரி இருந்துக்குவேன்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு போனான். ஆனால் தெக்லா சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. சிம்பு மலையை விட்டுக் கொரோகாவுக்கு வந்த இருபத்தெட்டு வருடங்களில் அவளிடமிருந்து யாரும் ஒரு கிழங்கைக்கூடப் பறித்ததில்லை. கொரோகாவில் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். நம்பாதவர்கள் அவள் ஒரு நாளை எப்படி ஓட்டுகிறாள் என்று பார்க்கவேண்டும்.

காலையில் முதல் பஸ் வந்தால் ஓடிப்போய் ஏறமாட்டாள். உள்ளே மூன்று பெண்களாவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பாள். இல்லையென்றால் அடுத்த பஸ். ஏறினால் ஓட்டுநருக்குப் பின் இருக்கைதான். மற்றப் பெண்கள் கயிற்றில் முடைந்த பிலும் பையை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டு வருவார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும், ஆனால் பின்னால் வருகிறவன் பிளேடால் ஒரு கிழி கிழித்தால் போச்சு. தெக்லா அதைக் கழுத்தில் மாட்டி வயிற்றின் மேல் போட்டுக்கொள்வாள். வழியில் மறித்து எவனாவது கேட்டால் தூக்கிக் கொடுத்துவிட என்றே ஐந்து கினா நோட்டு ஒன்றைத் தனியாக மடித்து வைத்திருப்பாள்.

சந்தையில் உட்கார்ந்துவிட்டால் அவள் பார்ப்பது ஆட்களின் கைகளை. எந்தக் கை பையில் இருக்கிறது, எந்தக் கை சட்டைக்குள் இருக்கிறது, எவன் வெகுநேரமாக விலை கேட்டும் ஒன்றும் வாங்காமல் நிற்கிறான், இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சம்பள வெள்ளிக்கிழமையில், ராஸ்கல்கள் என்று ஊர் சொல்லும் வழிப்பறிக் கும்பல்களுக்கும் சம்பள நாள். அன்று பாதிக் கிழங்கு மீந்து கிடந்தாலும் மூன்று மணிக்கு மூட்டையைக் கட்டிவிடுவாள்.

பக்கத்தில் நிலக்கடலை விற்கும் கிரிசில்டாவுக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏண்டி தெக்லா, உன்கிட்ட இருக்கறது கிழங்கு. தங்கக் கட்டியா? ராணி மாதிரி காவல் காக்கற."

"உன்கிட்ட இருக்கற கடலைய போன மாசம் எவன் தூக்கிட்டுப் போனான்?"

"பசிச்சவன் தின்னுட்டுப் போறான் விடு."

"கடலைய விடலாம். உன்னை விடமுடியுமா?"

கிரிசில்டா வாயில் இருந்த பாக்கைத் துப்பிவிட்டுச் சிரிப்பாள். இருவரும் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்தால் ஜென்மப் பகை என்று நினைக்கத் தோன்றும். மூன்று மணிக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள்.

இன்னொன்றும் உண்டு. தெக்லா எதற்காகவும் "திருடன்" என்று கத்தமாட்டாள். கத்தினால் சந்தை முழுக்கக் கல்லோடு ஓடிவரும். ஒரு பர்சுக்காக ஒரு பையன் செத்துக் கிடந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அவன் கூட்டத்தார் வந்து கேட்டபோது கல்லெறிந்த ஒருத்தனும் ஊரில் இல்லை.

இப்படி இருந்தவளுக்கு இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாப்பிள்ளை வந்து சேர்ந்தான். மகள் தெல்மா தானே பார்த்துக் கட்டிக்கொண்டவன். பெயர் இவாரா. கெரெமாக் கடற்கரைக்காரன், வளர்ந்தது தலைநகர் மோர்ஸ்பியில், இங்கே காப்பி ஆலையில் மெக்கானிக். ஆறடி உயரம், ரக்பி ஆடுகிற தோள். மனசு சுத்தம், ஜாக்கிரதை மட்டும் மருந்துக்கும் கிடையாது. ஃபோனைக் கையில் பிடித்துப் பேசிக்கொண்டே சந்தையின் நடுவில் நடப்பான். தெக்லா அவனுக்குப் பின்னால் வருகிறவர்களின் கைகளைப் பார்ப்பாள்.

சிம்புக்காரர்களிடம் மாமியார் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்வதில்லை, மாப்பிள்ளையும் மாமியாரின் பெயரைச் சொல்வதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் மாப்பிள்ளை, அத்தை. அவ்வளவுதான். இவாராவின் வீட்டிலோ அதையெல்லாம் விட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கல்யாணமான முதல் வாரமே சந்தைக்கு வந்து தூரத்திலிருந்தே, "தெக்லா அத்தை! மூட்டைய நான் தூக்கறேன்!" என்றான். சுற்றி இருந்த பெண்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். கிரிசில்டா கடலைக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். தெக்லாவுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அன்று இரவு மகளிடம் கேட்டாள். "உன் புருஷனுக்கு நீ சொல்லக்கூடாதா?"

"சொன்னேன்மா. மறந்து போயிடுதாம். பேர் வெச்சதே கூப்பிடத்தானேங்கறான்."

அவளுடைய இருபத்தெட்டு வருடப் பாடங்களையும் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெல்மா வழியாக அவள் சொல்லியனுப்பும் ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது: "நான் இருக்கேன்ல? என்ன பயம்?" பலமுள்ளவர்களுக்கு இருக்கிற வியாதி இது. தங்களை யாரும் பின்னாலிருந்து அடிப்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

போன மாதம் ஒரு சம்பள வெள்ளி. மணி இரண்டரை இருக்கும். தெக்லா மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள். ஆலையில் அரை நாள் விடுப்பு என்று இவாரா மூட்டை தூக்க வந்துகொண்டிருந்தான். சந்தையின் அந்தக் கோடியில், வெண்ணெய்ப்பழக் குவியல்களுக்கு அருகில், அவன் தலை எல்லோருக்கும் மேலாகத் தெரிந்தது. தெக்லாவுக்கும் அவனுக்கும் நடுவில் முப்பது நாற்பது அடி, நூறு ஆட்கள், பரப்பிவைத்த காய்கறி.

அங்கே சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒருவன் அரை மணி நேரமாக வெண்ணெய்ப்பழம் விலை கேட்டுக்கொண்டிருந்ததை அவள் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். வலது கை சட்டைக்குள்ளேயே இருந்தது. அவனுக்கு முன்னால் இன்னொருவன், ஒல்லி, பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தியின் பிலும் பைக்குப் பின்னால் நெருங்கிக்கொண்டிருந்தான். பையோடு போகட்டும், டீச்சருக்கு ஒன்றும் ஆகாது என்று தெக்லா மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

அந்தக் கணக்கில் இவாரா இல்லை. ஒல்லிப் பயலின் விரல் பைக்குள் போகும் நேரத்தில் அவன் அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

"என்னடா தம்பி, உன் பையா இது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். சிரிப்பு தெக்லா வரைக்கும் கேட்டது.

அவன் முதுகுக்குப் பின்னால் சிவப்புத் தொப்பியின் கை சட்டையிலிருந்து வெளியே வந்தது. கையில் இறைச்சி வெட்டும் கத்தி. இரண்டு எட்டு வைத்தால் போதும்.

தெக்லா எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"மாப்ளே! ஏ மாப்ளே!"

சந்தையில் இருந்த அத்தனை ஆண்களும் திரும்பினார்கள். மிளகாய்க்காரன் திரும்பினான், பாக்கு விற்கிறவன் திரும்பினான், மூட்டையோடு போனவன் மூட்டையோடு திரும்பினான். யார் வீட்டுக்காவது மாப்பிள்ளையாக இல்லாதவன் எவன்? சிவப்புத் தொப்பிகூட ஒரு கணம் நின்று இந்தப் பக்கம் பார்த்தான்.

இவாரா மட்டும் திரும்பவில்லை. அவனைப் பொறுத்தவரை அவன் இவாரா.

தெக்லாவின் கண்ணுக்கு முன்னால் மலைச்சாலை வந்து நின்றது. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், சிம்புவுக்குப் போயிருந்தபோது, காப்பி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் இறங்கி வந்தது. தெக்லாவின் கணவன் சாலையோரத்தில் முதுகைக் காட்டிக் குனிந்து விறகு கட்டிக்கொண்டிருந்தான். லாரியைப் பார்த்தவள் தெக்லாவின் அம்மா ஒருத்திதான். "ஏய்! ஏய்!" என்று கத்தினாள். சாலையில் போன எல்லோரும் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை. மருமகன் பெயர் அவள் வாயில் கடைசிவரை வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா நான்கு வருடம் உயிரோடு இருந்தாள். தெக்லா ஒரு நாளும் அவளைக் குறை சொன்னதில்லை. மன்னித்ததும் இல்லை.

சிவப்புத் தொப்பி மறுபடி அடியெடுத்து வைத்தான்.

"இவாரா!" என்றாள் தெக்லா.

பெயர் மணி அடித்ததுபோல் தெளிவாக விழுந்தது. பின்னால் பார் என்று சொல்லத் தேவைப்படவில்லை. அந்தக் குரலில் தன் பெயரை இவாரா பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. குரல் வந்த பக்கம் முழு உடம்போடு திரும்பினான். கத்தி இருந்த கைக்கு நேர் எதிரே நின்றான்.

மாமியார்க்காரி மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்! தராசு தூக்கிய கைகள் அப்படியே நின்றன. எல்லாக் கண்களும் முதலில் தெக்லா மேல் விழுந்து, அவள் பார்த்த இடத்துக்குப் போய், கத்தியின் மேல் நின்றன. இருநூறு கண்கள் பார்க்கும்போது குத்துவதற்குச் சிவப்புத் தொப்பிக்குத் தைரியம் வரவில்லை. குத்தாமல் போவது எப்படி என்றும் அவனுக்குத் தெரியவில்லை. அந்த நிலைதான் மகா ஆபத்து என்று தெக்லாவுக்குத் தெரியும். கிழங்குக் குவியலைத் தாண்டி மெதுவாக நடந்தாள். ஓடவில்லை.

"இவாரா, அவன் கைய விடு." இரண்டாவது தடவை.

"அத்தை, இவன் திருட..."

"விடுன்னு சொன்னேன்."

விட்டான். தெக்லா சிவப்புத் தொப்பியைப் பார்க்காமல், அவன் பக்கத்தில் இருந்த கேட்டைப் பார்த்துச் சொன்னாள். "தம்பி, அந்தப் பக்கம் வழி இருக்கு. உன் ஆளைக் கூட்டிக்கிட்டுப் போ. இங்க ஒண்ணும் நடக்கல."

தெக்லாவின் பின்னாலேயே வந்திருந்த கிரிசில்டாதான் முதலில் நகர்ந்து வழி விட்டாள். மற்றப் பெண்களும் விலகினார்கள். இரண்டு பேரும் நடந்து போனார்கள். கேட்டைத் தாண்டிய பிறகுதான் ஓடினார்கள். கல்லை எடுத்த ஒருவனிடம் கிரிசில்டா, "கீழ போடு, உன் அம்மாவுக்கு நீ ஒரே பிள்ளை," என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

பஸ்ஸில் தெக்லா இவாராவின் பக்கம் திரும்பவே இல்லை. மகள் விதவையாகாமல் காத்தேன் என்று வேறொருத்தியாக இருந்தால் மார்தட்டியிருப்பாள். அவளுக்கோ காது மடல் வரைக்கும் வெட்கம். ஊரார் முன்னால் துணி நழுவியவள் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டு வாசலில் கிரிசில்டா நடந்ததையெல்லாம் தெல்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். தெக்லா கூண்டைத் திறந்து, முட்டை இடுகிற கோழியைப் பிடித்து மகள் கையில் கொடுத்தாள். "உன் புருஷன்கிட்ட குடு."

வெளியே இவாராவின் குரல் கேட்டது. "கோழி எதுக்கு?"

"அம்மா உன் பேரைச் சொல்லிட்டாங்கல்ல. அந்த வெட்கத்துக்கு."

"என் உயிரையும் காப்பாத்திட்டு எனக்கே கோழியும் குடுக்கறாங்களா? நல்லா இருக்கு உங்க ஊரு நியாயம்!"

"வாங்கிக்கோ. வாங்கலைன்னா இன்னும் வெட்கம்."

கோழி கை மாறிய சத்தம் கேட்டது. தெல்மா உள்ளே வந்து, அடுப்படியில் கிழங்கு சீவிக்கொண்டிருந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். சும்மா நிக்கும்போதே உனக்கு அந்தப் பேரு வராது. அந்த நேரத்துல எப்படிம்மா அவ்வளவு தெளிவா வந்துச்சு? கிரிசில்டா அத்தை சொல்றாங்க, தினம் கூப்பிடறவ மாதிரி கூப்பிட்டாளாம்."

தெக்லா இன்னொரு கிழங்கை எடுத்தாள்.

"தோட்டத்துல யாரும் இல்லாதப்ப கூப்பிட்டுப் பார்ப்பேன்."

"என்னது?"

"உன் கல்யாணத்துக்கு மறுநாள்லேருந்து. ஓடைக்கு அந்தப் பக்கம் கேக்கற மாதிரி சத்தமாதான். மொதல்ல தொண்டையை விட்டே வரல. அழுகையா வந்துச்சு. ஒரு மாசம் கழிச்சுதான் முழுசா வந்துச்சு." கத்தி கிழங்கின் மேல் நின்றது. "எங்கம்மாவுக்கு யாரும் சொல்லித் தரல. கூப்பிட்டுப் பழகாத பேரு அவசரத்துக்கு வராதுடி."

கதவருகே, கோழியை மார்போடு அணைத்தபடி இவாரா நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ, அவன் கண் நிறைந்திருந்தது.

தெக்லா அவனைப் பார்க்காமல் மகளிடம் சொன்னாள். "உன் புருஷனை உள்ள வரச் சொல்லு. மழை வருது."