நான் முன்னால் நடந்த புல்மேடு

என் மாமாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அம்மாவின் தம்பி, 1950களில் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். போடிக்கு இறங்கி வரும்போதெல்லாம் மலையைத் தானே கட்டி நிறுத்தியதுபோல் அளப்பார். எனக்கு எட்டு வயதான கோடையில், வரையாடு காட்டுகிறேன் என்று என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். "பிள்ளைய முழுசாக் கொண்டாந்து விட்ரணும்" என்று அம்மா சொல்லியனுப்பினாள்.

தோட்டத்து ஆட்கள் காட்டில் வரிசையாகத்தான் நடப்பார்கள். வழி தெரிந்தவர் முன்னால், பெண்களும் பிள்ளைகளும் நடுவில், அரிவாளோடு ஒருவர் கடைசியில். எங்கள் பள்ளிக்கூடத்தில் கடைசியில் நிற்பவன் மக்கு. அந்த அரிவாள்காரரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் மாமாவும் நானும் மட்டும் புல்மேட்டில் சோலைக்காட்டின் ஓரம் வரை ஏறினோம். ஆடு ஒன்றும் தென்படவில்லை. மத்தியானமே மூடுபனி இறங்கிவிட, திரும்பினோம். அப்போதுதான் பாதைக்குக் கீழே, பாறை விளிம்பில் ஏழெட்டு வரையாடுகள் தெரிந்தன. சந்தோஷத்தில் கை தட்டினேன். ஒன்றும் அசையவில்லை. ஒன்று மட்டும் கூர்மையாகச் சீழ்க்கையடித்தது. அவை எங்களைப் பார்க்கவேயில்லை. எல்லாக் கண்களும் எங்கள் தலைக்கு மேலே, நாங்கள் விட்டு வந்த சோலைக்காட்டின் ஓரத்தில் இருந்தன.

"மாமா, அதுக எதைப் பாக்குது?"

மாமா தோளில் கிடந்த கம்பளியை மெல்ல உருவிக் கையில் எடுத்தார்.

"ஆத்தா, இனிமே நீ முன்னால போ. ஓடக் கூடாது. சத்தமாப் பாடிக்கிட்டே போ."

"நீங்க?"

"பின்னாலயே வர்றேன். வந்த தடந்தான், ஒனக்குத் தெரியும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டெல்லாம் மறந்துபோய் எட்டாம் வாய்ப்பாட்டைக் கத்தினேன். மாமா பின்னாலிருந்து திருப்பிச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவர் குரல் இன்னும் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. எட்டெட்டு அறுபத்துநாலுக்குப் பதிலே வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கம்பளியை இரண்டு கைகளாலும் அகல விரித்துப் பிடித்தபடி, மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்தார். காற்றே இல்லை. அவருக்கு மேலே, சரிவில் புல் மட்டும் ஒரு கோடாக விலகி விலகி எங்களை நோக்கி இறங்கியது.

"போ ஆத்தா," என்றார். அது மாமாவின் குரல்போலவே இல்லை.

நான் தோட்டத்து வீடுகளை அடைந்து வெகுநேரம் கழித்துத்தான் அவர் வந்து சேர்ந்தார்.

போடியில் தெருவுக்கே சொன்னேன்: "மாமாவுக்கு வழி தெரியல. நாந்தான் கூட்டியாந்தேன். பயந்துபோயி பின்னாடி பின்னாடி நடந்தாரு!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாய் நீண்ட மாமாவும் சேர்ந்து சிரித்தாரே தவிர ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, நீ எங்க நடந்தே?" என்று கேட்டாள்.

"கடைசியிலக்கா."

அன்று அம்மா மாமாவின் வட்டிலில் சோற்றை வைத்துக்கொண்டே இருந்தாள். அவர் போதும் என்று சொல்லியும் விடவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. முன்னால் நடந்தவள் நானல்லவா?