மண் தின்ற பனியன்

என் கணவரின் புதுப் பனியன்கள் இரண்டையும் மண்ணில் புதைத்தது நானும் என் நாத்தனாரும்தான். பஸ்ஸில் போகும்போது அது நினைவுக்கு வந்துவிட்டால் இப்போதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன்.

சோளக்காடு என்ற பக்கத்து ஊரில் பெண்களுக்கு ஒரு நாள் விவசாயப் பயிற்சி நடந்தது. நாத்தனாரும் நானும் போயிருந்தோம். அவர் என் கணவருக்கு அக்கா. எங்கள் தோட்டமும் அவர் தோட்டமும் அடுத்தடுத்து. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்வரிசை மட்டும். பயிற்சி கொடுக்க வந்த பெண் கடைசியில் ஒரு விளையாட்டு சொன்னாள்.

"பருத்தித் துணி ஒண்ணை ஒரு சாண் ஆழத்துல புதைச்சு வையுங்க. ரெண்டு மாசம் கழிச்சுத் தோண்டிப் பாருங்க. மண்ணுல உசுரு இருந்தா துணியைத் தின்னுடும். இல்லீன்னா அப்படியே கெடக்கும்."

மலைமேல் இருக்கும் எங்கள் ஊரான வளப்பூர் நாட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே சண்டை தொடங்கிவிட்டது.

"என்ற மண்ணு வேட்டியவே திங்கும்" என்றார் நாத்தனார்.

"உங்க தோட்டத்துல மண்ணு எங்கீங்க அண்ணி இருக்குது? குப்பைதான் இருக்குது" என்றேன்.

நான் மலையடிவாரத்துக் காரவள்ளிக்குக் கீழே சமவெளியில் பிறந்தவள். தோட்டமென்றால் வாசலைப் போலக் கூட்டியிருக்க வேண்டும் எனக்கு. மிளகுக் கொடிக்கடியில் ஓர் இலை விழுந்தாலும் கூட்டிக் குவித்துக் கொளுத்திவிடுவேன். நாத்தனாரோ எதையும் தொடமாட்டார். சருகு கணுக்கால் வரை கிடக்கும். பலாப்பழம் விழுந்த இடத்திலேயே வெடித்துப் புளித்து, ஈயும் எறும்பும் வண்டும் மொய்க்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் போவேன்.

போட்டி நியாயமாக இருக்க ஒரே மாதிரித் துணி வேண்டும். ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள என் கணவர் ஒரே டப்பாவில் இரண்டு பனியன் வாங்கி வைத்திருந்தார். துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். நாத்தனார் அதையே பார்த்தார்.

"பழைய துணி இருக்குதுங்க அண்ணி" என்றேன்.

"பழசு ஏற்கெனவே பாதி செத்தது. அது கணக்குல வராது கண்ணு."

அரை மணி நேரத்தில் ஒன்று என் மிளகுக் கொடிக்கடியிலும், இன்னொன்று அவருடைய பலா மரத்தடியிலும் போய்ச் சேர்ந்தன. அடையாளத்துக்குக் குச்சி நட்டோம். மண்ணைத் தட்டி மூடும்போதே இருவருக்கும் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏம்புள்ள, என்ற பனியன் எங்க?" என்றார் என் கணவர் சாயங்காலம்.

"கொடியிலதானுங்க போட்டேன்."

அது பொய்யில்லை. அவர் கொடியைப் பார்த்தார். அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். மரத்தில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதிவிட்டார். கல்யாணத்துக்குப் பனியன் இல்லாமல் வெறும் சட்டையோடு வந்தார். அதன்பின் குரங்கைக் கண்டாலே கல்லெடுத்தார். ஒரு குட்டிக் குரங்கு தன்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டதாகச் சத்தியம் செய்தார். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தேன்.

ஆடியில் புதைத்தோம். இடையில் நல்ல மழை. புரட்டாசியில் ஒரு காலை நேரம் களைக்கொத்தோடு கிளம்பினோம்.

முதலில் என் தோட்டம். இரண்டு கொத்திலேயே பனியன் தட்டுப்பட்டது. இழுத்தேன், முழுசாக வந்தது. நிறம் மட்டும் டீ கொட்டியது போல இருந்தது. ஓர் ஓட்டைகூட இல்லை. அலசிப் பிழிந்தால் அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம்.

"ஐயோ பாவம், உன்ற மண்ணு பட்டினி கெடக்குது" என்றார் நாத்தனார்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அத்தனை வருஷமும் மண்ணின் சோற்றையல்லவா தினம் கூட்டி நெருப்பு வைத்திருக்கிறேன்!

அடுத்து அவர் தோட்டம். சருகை விலக்கியதும் ஈரமும் சூடுமாக ஒரு வாசனை எழுந்தது. அடிச்சருகில் வெள்ளை நூல் போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஒரு மரவட்டை சுருண்டுகொண்டது. மண் கறுப்பாக, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. தோண்டினோம், பனியன் இல்லை. இன்னும் தோண்டினோம். மண்புழுதான் நெளிந்தது.

"அண்ணி, இதை நெசமாவே குரங்கு எடுத்துட்டுப் போயிருச்சுங்களா?"

அப்போதுதான் அவர் விரலில் ஏதோ சிக்கியது. தூக்கிப் பிடித்தார். தையல் நூல் மட்டும்! கழுத்து, கை, ஓரம் எல்லாம் தைத்த நூல் வளைவு வளைவாகத் தொங்கியது. நடுவில் பனியனே இல்லை. நைலான் நூலாக இருந்ததால் மண் அதைத் துப்பியிருந்தது. கழுத்து நூலில் தொண்ணூறு என்று அளவு போட்ட சீட்டு மட்டும் பளபளவென்று ஆடியது.

முதலில் நான் சிரித்தேனா அவரா, தெரியவில்லை. சிரித்துச் சிரித்துக் கால் மடங்கி இருவரும் சருகின் மேலேயே உட்கார்ந்துவிட்டோம். சத்தம் கேட்டு என் கணவர் ஓடி வந்தார்.

"பாம்பு கடிச்சுதா?" என்று பதறினார்.

பேச முடியாமல் நாத்தனார் அந்த நூலை நீட்டினார். என் கணவர் வாங்கிப் பார்த்தார். சீட்டைப் படித்தார். என் கையிலிருந்த பழுப்புப் பனியனையும் பார்த்தார்.

"அப்போ அந்தக் குரங்கு..." என்றார் மெதுவாக.

எங்களுக்கு மறுபடியும் மூச்சு முட்டியது.

"மிச்சம் எங்க அக்கா? துணி எங்கதான் போச்சு?"

"எங்க போவும் சாமி? பூஞ்சை தின்னுது, புழு தின்னுது. அதுக எச்சத்தை வேரு தின்னுது. உன்ற பனியன் மரத்துல ஏறிக்கிட்டு இருக்குது."

என் கணவர் பலா மரத்தை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

மறுநாளிலிருந்து நான் தீப்பெட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவதில்லை. நாத்தனாரிடம் கேட்டு நாலு கூடை மக்கல் சருகைச் சுமந்துவந்து மிளகுக்கடியில் போட்டேன். விழுந்ததை விழுந்த இடத்திலேயே விட்டேன். முதல் மாதம் கை துறுதுறுத்தது. துடைப்பத்தை ஒளித்து வைக்கச் சொல்லி என் கணவரிடம் கொடுத்தேன்.

அடுத்த பலாக் காலத்தில் நாத்தனார் தன் மரத்துப் பழம் ஒன்றை அறுத்தார். முதல் சுளையை வாயில் போட்டேன்.

"உங்க தம்பி பனியன் நல்லா இனிக்குதுங்க அண்ணி" என்றேன். அவருக்குப் புரையேறிவிட்டது.

அந்த ஆடியில் என் பழைய நூல் சேலையில் ஒரு முழம் கிழித்து என் தோட்டத்தில் புதைத்தேன். இரண்டு மாதம் கழித்து என் கணவரே வந்து தோண்டினார். சேலை முழுசாகப் போகவில்லை, ஆனால் சல்லடையாகிவிட்டிருந்தது. "தின்னுருக்குது புள்ள, தின்னுருக்குது!" என்று அதை இரண்டு கையிலும் விரித்துத் தூக்கிக்கொண்டு, கல்வரிசையைத் தாண்டித் தன் அக்கா வீட்டுக்கு ஓடினார். பின்னாலேயே நானும் மண் கையோடு ஓடினேன்.