குங்குமம் என்று நினைத்தேன்

புரட்டாசி சனிக்கிழமை அலிபிரிப் படியேறித் திருமலைக்குப் போய்வந்த மூன்றாம் நாள். நகரியில் என் தையல் கடையில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். காலடியில் விழுந்து கிடந்த லைனிங் துணியில் சிவப்பாகக் கறை. குங்குமம் என்று நினைத்தேன்.

படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுவது எங்கள் வழக்கம். வெறுங்காலோடு ஏறியவர்களின் உள்ளங்கால் இரண்டு நாளாவது சிவந்துதான் இருக்கும். அதனால் நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. டீ கொண்டுவந்த என் கணவர்தான் பார்த்தார்.

"இன்னா நிர்மலா இது? மூணு நாளாயும் குங்குமம் ஈரமா கீதே."

வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் வெடித்துக் குழிந்திருந்தது. அவர் பக்கத்தில் தொட்டு அழுத்தினார். வலிக்கவில்லை. வலிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திருப்பதியில் சர்க்கரை நோய் மருத்துவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். துணியில் ஒரு நூல் பிசகினாலும் விரல் நுனியில் கண்டுபிடிக்கிறவள் நான். காலில் ஒன்றும் தெரியவில்லை. நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு உணர்வு குறைவது) என்றார். வெயிலில் காய்ந்த படி சுட்டது எனக்குத் தெரியவே இல்லை. புண் எலும்பைத் தொட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். தையல் மிஷினின் மோட்டார் பெடலை அழுத்துகிற கால் அது.

எட்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை உண்டு, நடை கிடையாது. சாப்பாடுகூட மிஷின் மேலேயே. நடக்கச் சொன்னவர்களிடமெல்லாம், வருடா வருடம் மலையே ஏறுகிறேனே என்று வீம்பு பேசுவேன். இந்த மருத்துவரிடமும் பேசினேன். தெலுங்குக்காரர், நிதானமாகத் தமிழில் கேட்டார்.

"ஒரு வருஷத்துச் சாப்பாட்டை ஒரே நாள்ல சாப்பிட முடியுமாம்மா? நடை மட்டும் எப்படி முடியும்?"



இரண்டு மாதம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றினார்கள். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. கடையில் துணி குவிந்ததற்கு, குழம்பில் உப்பு குறைந்ததற்கு, எல்லாவற்றுக்கும் என் கணவரிடம் எரிந்து விழுந்தேன். தனியாக இருக்கும்போது விரல் போய்விடுமோ என்று அழுதேன். ஆனால் நேரத்துக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன். புண் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்தது செருப்புச் சண்டை. இனி வீட்டுக்குள்ளும் மெத்தென்ற ரப்பர் செருப்பு போட வேண்டும் என்றார் மருத்துவர். பெருமாள் படம் இருக்கிற வீட்டில் செருப்பா? முடியாது என்றேன். என் கணவர் புதிதாக ஒரு ஜோடி வாங்கி, கழுவித் துடைத்து என் முன்னால் வைத்தார்.

"இது தெருவையே பாக்காத செருப்பு. போட்டுக்கோ. ஒன் காலு போச்சின்னா சாமி வந்தா தச்சிக் குடுக்கும்?"

போட்டுக்கொண்டேன்.

இப்போது ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடக்கிறேன். ஒரு ரவிக்கை முடிந்தால் எழுந்து கடைவாசல்வரை போய்வருகிறேன். பத்து மணிக்குள் படுத்துவிடுகிறேன். உங்களுக்கும் சர்க்கரை இருந்தால், தினமும் காலையில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். பெருமாள் பாதத்தைப் பார்க்க வருடம் தவறாமல் மலையேறிய நான், ஐம்பது வயதுவரை என் பாதத்தைப் பார்த்ததில்லை. முன்பு எனக்கு வருடத்தில் ஒருநாள்தான் கால் இருந்தது. இப்போது தினமும் இருக்கிறது.

இந்தப் புரட்டாசியில் படியேறவில்லை. அலிபிரியில் செருப்பைக் கழற்றி, தடித்த சாக்ஸோடு குங்குமம் கரைந்த ஈரத்தில் நின்று முதல் படிக்கு மட்டும் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு, பஸ்ஸில் மலைக்குப் போய்வந்தோம்.

வீடு திரும்பிச் சாக்ஸைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தேன். பழைய புண் இருந்த இடத்தில் சிவப்பு. என் கணவர் ஈரத்துணி எடுத்துவந்து துடைத்தார்.

துணியோடு வந்துவிட்டது. குங்குமம்தான்.