மாப்பிள்ளை தூக்கிய கை

என் தங்கை புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வராது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நான் மேஸ்திரி. அவன் பெரிய மெஷினுக்குத் துணி போடுகிறவன். சுவருக்கு அந்தப் பக்கம், வார்டுகளிலிருந்து வரும் அழுக்கு விரிப்புகளைத் தரம் பிரிப்பவள் என் தங்கை. பதினோரு வருஷமாக மூன்று பேரும் அங்கேதான் குப்பை கொட்டுகிறோம். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது.

போன மாதம் சபையில் பாஸ்டர், குடும்பமாக ஆண்டவருக்கு ஊழியம் செய்யவும், ஞாயிறு முழுவதையும் அவருக்கே கொடுக்கவும் தீர்மானிக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். மாப்பிள்ளை தூக்கினான். சரி, அவன் கை, அவன் பாடு. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த என் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து அதையும் தூக்கிவிட்டான்! குடும்பத் தலைவராம். அடுத்த ஞாயிறு இருவரும் மேடையேறி உறுதி சொல்ல வேண்டும் என்று ஆயிற்று.

மறுநாள் காலையிலேயே வந்து நின்றான்.

"மச்சான், இனிமே எங்க ரெண்டு பேருக்கும் ஞாயித்துக்கிழமை வேலை போடாதீங்க."

"ஏன், ஞாயித்துக்கிழமை நோயாளி படுக்கையை நனைக்க மாட்டானா?"

"கர்த்தர் பாத்துப்பார்."

"வந்து விரிப்பு அலசுவாரா?"

தங்கை குறுக்கே வந்தாள். "அண்ணே, அவருக்கு லீவு குடு. எனக்கு எப்பவும் போல வேலை போடு."

"குடும்பமா ஒத்துக்கிட்டோமேடி!"

"நீங்க ஒத்துக்கிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? என் கை என்ன, உங்க சட்டைக் கையா?"

அந்த வாரம் முழுக்க அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. "பெண்டாட்டி வரலைன்னா எந்த முகத்தோட மச்சான் மேடையேறுவேன்?" என்று என்னிடம் புலம்பினான். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கடவுளுக்குப் பயப்படுகிறானா, நாலு பேருக்கா?

ஞாயிறு காலை வெள்ளைச் சட்டையோடு அவள் வேலை செய்யும் அறைக்கே வந்துவிட்டான். "கிளம்பு" என்றான்.

அவள் நிமிரவில்லை. ரத்தக்கறை படிந்த ஒரு விரிப்பை எடுத்து, அதன்மேல் கை வைத்தாள். உதடு அசைந்தது. கூடையில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"யார்கிட்ட பேசுற?"

"அவர்கிட்டதான். இதுல படுத்திருந்தவங்களுக்காக. வேலைக்கு வந்த முதல் நாள்லேர்ந்து, ஒவ்வொரு விரிப்புக்கும்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே?"

"உங்களுக்காகச் செய்யலையே."

பேயறைந்தவன் போல வெளியேறினான். கூடப் பிறந்த எனக்கும் அது புதுச் செய்திதான். ஆனாலும் அவன் மூக்கறுபடுவதைப் பார்க்கும் ஆசை விடவில்லை. பின்னாலேயே சபைக்குப் போனேன்.

"எங்கே உங்க வீட்டம்மா?" என்றார் பாஸ்டர்.

"அவ பல வருஷமா ஊழியம் செஞ்சிட்டிருக்கா ஐயா. எனக்குத்தான் கண்ணு தெரியல. இன்னைக்கு நான் மட்டும் சொல்றேன்."

தனியாகவே சொன்னான். யாரும் கை தட்டவில்லை. பாஸ்டர் முகம் சுருங்கிப் போனது. சிரிக்க வந்த எனக்கும் சிரிப்பு வரவில்லை.

முடிந்ததும் ஓட்டமாகச் சலவைக்கூடத்துக்கு வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "நகரு, நானும் பிரிக்கிறேன்" என்றான்.

தங்கை கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வேலை செய்ய மாட்டேன்னு இப்பத்தானே உறுதி சொல்லிட்டு வந்தீங்க? வீட்டுக்குப் போங்க."