பேரில்லாத கல்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் செங்கோட்டையன் செய்கிற சாணைக்கல்லில் பேர் இருக்காது. நல்ல கல், நாள்பட உழைக்கும். 'உங்க கம்பெனிக்கு என்னங்க பேரு' என்று யாராவது கேட்டால் மட்டும் மனுஷன் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

முதலில் பேர் இருந்தது. கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கொட்டகை, ஒரு அச்சு, ஒரு சூளை. சாணைத்தூளைக் களிமண்ணோடு பிசைந்து, அச்சில் அமுக்கி, காயவைத்துச் சுடுவார்கள். ஒவ்வொரு கல்லிலும் பெண்டாட்டி பேரைப் பொறித்தார்: 'சுப்பாத்தாள்'. ஊர் கேலி செய்தது. அவருக்கு அதிலும் பெருமைதான்.

எழுபத்து நாலில் மூணாற்றுக் கடைக்காரர் ஒருவர் தேயிலைச் செடியைக் கழித்துவிடும் கவாத்துக் கத்திகளுக்குக் கல் கேட்டார். செங்கோட்டையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கவாத்துக்கு முன்னால் அனுப்பியாக வேண்டுமென்று ஒரே பறப்பு.

"இன்னொரு நாள் எரியட்டுமுங்க. உள்ள வேகுலீங்க" என்றாள் சுப்பாத்தாள்.

"நீ சோத்தைப் பாரு புள்ள" என்று சூளையைப் பிரித்துவிட்டார்.

அரிவாளைத் தீட்டிப் பார்த்தார்; பதம் ஏறியது. அவர் ஊரில் எல்லாரும் நனைக்காத கல்லில்தான் தீட்டுவார்கள். கடலைக்காட்டில் தண்ணீருக்கு எங்கே போவது? கல்லை நனைத்துப் பார்க்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கவாத்து நடக்கும்போதே அடுத்த ஆர்டர் கேட்க மூணாறு கிளம்பினார். தன் பேர் விற்கிற ஊரைப் பார்க்க சுப்பாத்தாளும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மழைக்கு ஒரு டீக்கடையில் ஒதுங்கினார்கள். பக்கத்து பெஞ்சில் கவாத்து வேலைக்காரர் பாஸ்கலும் அவர் மனைவி பிலோமியும். பிலோமி டீயில் நனைத்த ரொட்டி பொத்தென்று விழுந்து கரைந்தது.

"சீ, இதுவும் சுப்பாத்தாளா!"

கடையே சிரித்தது. சுப்பாத்தாளும் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அதென்னங்க சுப்பாத்தாளு?"

"அது ஒரு களவாணிக் கல்லு, அக்கா" என்றார் பாஸ்கல். "இங்கன மழையில சேறாக் கரைஞ்சு போவுது. கத்தி மழுங்கி, கொப்பெல்லாம் கிழிஞ்சு, கங்காணிகிட்ட நான் வாங்குன ஏச்சு கொஞ்சமா? எவளோ ஒருத்தி பேரைப் போட்டு ஏமாத்திப்புட்டான்." செங்கோட்டையன் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சிக்கு என்ன சோலி?"

"சும்மா... ஊரு பாக்க வந்தமுங்க."

சொல்லிவிட்டார். நான்தான் அந்தப் பாவி என்று சொல்ல ஒரு நொடி போதும், வாய் வரவில்லை. தன் அரைவேக்காட்டுக்கு இவள் பேர் சந்தி சிரிக்கிறதே என்று டீ கிளாஸிலேயே கண்ணை வைத்திருந்தார்.

"அக்கா பேரென்ன?" என்றாள் பிலோமி.

சுப்பாத்தாள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "கமலாத்தாளுங்க" என்றாள்.

கடைக்காரரைப் பார்க்காமலே பஸ் ஏறினார்கள். மலை இறங்கியதும் அவரே கேட்டார்: "ஏம்புள்ள, பேரை மாத்திச் சொன்னே?"

"எம்பேரைத்தான் நீங்க கல்லுக்குக் குடுத்துட்டீங்களே" என்றாள் அவள். "எனக்கு வேற பேரு வேணுமல்லங்க?"